ஒயின் கிளாஸ் தண்டில் நூல் அலங்காரம்: தூண்டில் கோல் கட்டுவோரின் முறை

தூண்டில் கோலின் நீளத்துக்கு நரம்பு, அதாவது மீன்பிடி இழை, ஓடுவதற்கென்று பொருத்தப்பட்டிருக்கும் வளையங்களைத் திருகாணியோ பற்றவைப்போ பிடித்திருப்பதில்லை. வளையத்தின் தட்டையான பாதத்தைக் கோலின்மேல் வைத்து, மெல்லிய நூலை இடைவெளியில்லாமல் அதன்மேல் சுற்றி, அந்தச் சுற்றின்மீது, இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் எபாக்ஸி என்ற பிசினைப் பூசி இறுகவிடுவார்கள். பெரிய மீனின் இழுப்பைத் தாங்குவது அந்த நூற்கட்டுதான். மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கோல் செய்த காலத்தில் பட்டு நூலும் வார்னிஷும் செய்த வேலையை, இன்று கண்ணாடியிழைக் கோல்களிலும் கார்பன் இழைக் கோல்களிலும் நைலான் நூலும் எபாக்ஸியும் செய்கின்றன. வளையத்தைப் பிடிக்கத் தொடங்கிய இந்தச் சுற்று, அமெரிக்காவில் சொந்தமாகக் கோல் கட்டும் பொழுதுபோக்காளர்களின் கையில் தனியொரு அலங்காரக் கலையாகவே வளர்ந்தது. கைப்பிடிக்கு மேலே வைரக் கட்டங்களும் அம்புமுனைக் கோடுகளும் ஜரிகைப் பட்டைகளும் வந்தன. உருளையாக இருக்கும் எந்தப் பொருளிலும் இதைச் செய்யலாம் என்பதால், பேனாவுக்கும் ஒயின் கிளாஸின் தண்டுக்கும் அது இடம்பெயர்வது இயல்பே. ஒயின் கிளாஸ் என்று சொன்னாலும், பழச்சாறும் ஐஸ்கிரீமும் பரிமாறுகிற, தண்டுள்ள எந்தக் கிளாஸுக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.

சில்க் த்ரெட் வளையல் செய்து பழகியவர்களுக்கு நூலை நெருக்கமாகச் சுற்றும் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அங்கே நூலைப் பிடித்திருப்பது பசை. இங்கே சுற்றும் நேரத்தில் பசையும் கிடையாது, முடிச்சும் கிடையாது. நூலின் விறைப்பும், ஒரு சுற்றின் அடியில் நூலின் முனை அகப்பட்டு நிற்பதும்தான் பிடிப்பு. எபாக்ஸி கடைசியில்தான் வருகிறது. அதுவரை எந்தச் சுற்றையும் நகர்த்தலாம், பிரிக்கலாம், மீண்டும் தொடங்கலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

கோலில் பலிக்கும் பெரும்பாலானவை கண்ணாடியிலும் பலிக்கும். இரண்டு விஷயங்கள் மட்டும் மாறுகின்றன. கண்ணாடி வழுக்கும்; கண்ணாடி ஊடே ஒளி புகும். கீழே வரும் யோசனைகளில் பாதி இந்த இரண்டையும் சமாளிப்பதற்காகச் சொல்லப்படுபவை.

கிளாஸும் நூலும்

முதல் முயற்சிக்கு, தண்டு 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனாகவும், நடுவில் ஓரளவு ஒரே சீராகவும் இருக்கும் சாதாரணக் கிளாஸை எடுத்துக்கொள்வது நல்லது. நீண்டு மெலிந்த தண்டுள்ள விலையுயர்ந்த கிரிஸ்டல் கிளாஸைத் தொடவே வேண்டாம். கிளாஸ் தண்டு கீழே விழுந்து மட்டுமல்ல, முறுக்கப்பட்டும் உடையும். கிண்ணத்தை ஒரு கையாலும் அடித்தட்டை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்பினால், கழுவித் துடைக்கும்போதுகூடத் தண்டு ஒடிந்துவிடும். நூல் சுற்றும் வேலையில் கிளாஸை நூற்றுக்கணக்கான முறை திருப்பப் போகிறோம். ஆகவே எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் திருப்ப வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அச்சில் வார்த்த கிளாஸ்களின் தண்டில் நீளவாக்கில் மெல்லிய தையற்கோடு ஓடும். நகத்தால் தடவும்போது அது கூர்மையாக இடறினால் நூலின் இழைகளை அறுக்கும், அந்தக் கிளாஸை விட்டுவிடலாம். வெறுமனே தட்டுப்பட்டால் பரவாயில்லை. இரண்டு பாக அச்சில் வார்த்த கிளாஸில் இந்தக் கோடுகள் நேரெதிராக இரண்டு இருக்கும்; வைரக் கட்டம் போடும்போது அவையே அச்சுக்கோடுகளாக உதவும்.

கோல் கட்டுவோர் பயன்படுத்தும் நூல் ஏ, டி முதலிய அளவுகளில் வருகிறது. ஏ அளவு ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமன், டி அளவு கால் மில்லிமீட்டரை ஒட்டியது. 8 மி.மீ. தண்டில் 6 செ.மீ. நீளத்துக்கு ஏ அளவு நூலைச் சுற்றினால் ஏறக்குறைய 400 சுற்றும் 10 மீட்டர் நூலும் ஆகும். டி அளவென்றால் 240 சுற்று போதும், கையிலும் எளிதாக அகப்படும். புதியவர்கள் டி அளவில் தொடங்குவதே என் பரிந்துரை. நேர்த்தி சற்றுக் குறைந்தாலும் பொறுமை மிஞ்சும்.

கோல் நூல் கிடைக்காவிட்டால், எம்பிராய்டரி மெஷினுக்கு விற்கும் பளபளப்பான பாலியெஸ்டர் நூல் நன்றாகவே ஒத்துழைக்கும். தையற்கடையில் கிடைக்கும் சாதாரணத் தையல் நூல் வேண்டாம். அது துண்டு இழைகளை முறுக்கிச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அதன் பிசிறுகள் எபாக்ஸி பட்டவுடன் முள்முள்ளாக எழுந்து நிற்கும். ஆரி வேலைக்கான ஜரிகை நூல் ஓரப் பட்டைகளுக்கு அழகு சேர்க்கும், ஆனால் அதை இறுக்கிச் சுற்றினால் மேலுறை உரிந்து உள்நூல் எட்டிப்பார்க்கும்.

நிறத்தில்தான் கண்ணாடி தன் குணத்தைக் காட்டும். சாதாரண நைலான் நூல் எபாக்ஸியைக் குடித்து, பாதி ஒளி ஊடுருவுவதாக மாறிவிடும். கறுப்புக் கார்பன் கோலில் சுற்றிய சிவப்பு, பூச்சுக்குப் பிறகு கருஞ்சிவப்பாக இறங்குவது இதனால்தான். அதே நூல் கண்ணாடியில் கறுப்பதில்லை. சாளரத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் வெளிறி ஒளிரும். இது பிடிக்குமா என்பது அவரவர் விருப்பம். நிறம் கண்டில் இருப்பதுபோலவே கடைசிவரை நிற்க வேண்டுமென்றால், என்.சி.பி. என்று குறிக்கப்பட்ட, நிறங்காப்புப் பூச்சு தேவைப்படாத நூலை வாங்க வேண்டும். சாதாரண நூலின்மேல் நிறங்காப்புத் திரவத்தைப் பூசியும் நிறத்தைக் காக்கலாம்தான். ஆனால் அது ஓரிடத்தில் ஊறி ஓரிடத்தில் ஊறாவிட்டால் எபாக்ஸி பட்டதும் திட்டுத்திட்டாகத் தெரியும், அதைத் திருத்தவும் வழியில்லை. எந்த நூலானாலும், ஒரு பழைய கண்ணாடி வளையலில் ஒரு சென்டிமீட்டர் சுற்றி, எபாக்ஸி தொட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள்.

கிளாஸைக் கிடத்தும் தாங்கி

கோல் கட்டுவோர் கோலை இரண்டு கவைகளின்மேல் கிடத்தி உருட்டுவார்கள். கிளாஸுக்குக் கிண்ணமும் அடித்தட்டும் குறுக்கே நிற்பதால் அப்படியே கிடத்த முடியாது. இருபுறமும் ஒரு குச்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் துலக்கும் மென்மையான ஸ்பாஞ்சின் நடுவே பென்சில் தடிமனுள்ள மரக்குச்சியைச் செருகி, கிண்ணத்துக்குள் ஸ்பாஞ்சை அடைத்துவிடலாம். விளிம்பை அழுத்தும் கடினமான எதையும் திணிக்கக் கூடாது. அடித்தட்டுப் பக்கத்துக்கு, பழைய ஹவாய் செருப்பிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, அதன் மையத்தில் குச்சியைச் செருகி, இருபக்க ஒட்டுநாடாவால் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளலாம். செருப்பு வந்த அட்டைப்பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டிவிட்டால் தாங்கி தயார். கிளாஸை மெல்லச் சுழற்றிப் பார்த்து, தண்டு மேலும் கீழும் ஆடினால் குச்சியின் இடத்தை மாற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நூலுக்கு ஒரே சீரான விறைப்பு வேண்டும். இதற்குக் கோல் கட்டுவோரிடையே வழங்கும் பழைய உத்தி எளிமையானது. நூற்கண்டை ஒரு டம்ளருக்குள் போட்டு, நூலை ஒரு தடித்த புத்தகத்தின் நடுப்பக்கங்களுக்கிடையே இழுத்து வந்து, புத்தகத்தின்மேல் எடை வைப்பார்கள். எடையைக் கூட்டினால் விறைப்பு கூடும். சுற்றிய நூலை நகத்தால் தள்ளும்போது சற்று முரண்டுபிடித்து நகர வேண்டும். நகரவே மறுத்தால் விறைப்பு அதிகம், தானாகக் கலைந்தால் குறைவு. கார்பன் கோலை அதிக விறைப்பு நசுக்கிவிடும் என்று அஞ்சுவார்கள். கண்ணாடிக்கு அந்த அச்சமில்லை, ஆனாலும் மிகையாக இறுகிய சுற்றுக்குள் எபாக்ஸி சரியாக ஊறாது.

சுற்றத் தொடங்குதல்

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தண்டைத் துடைத்து, அதன்பிறகு வெறும் விரலால் தொடாமல் இருக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை நூலை வழுக்கவும் வைக்கும், பின்னால் எபாக்ஸி ஒட்டாமலும் செய்யும்.

அடுத்து, எங்கே தொடங்குவது என்ற கேள்வி. தண்டு மேலே கிண்ணத்தை நோக்கியும் கீழே அடித்தட்டை நோக்கியும் விரிகிறது. சரிவில் சுற்றிய நூல் எப்போதும் மெலிந்த பக்கத்துக்கே வழுக்கும். ஆகவே தண்டின் மிக மெலிந்த இடத்தில் தொடங்கித் தடித்த பக்கம் நோக்கி ஏற வேண்டும். அப்போது ஒவ்வொரு புதுச் சுற்றும் தனக்கு முந்தைய சுற்றின்மேல் முதுகு சாய்த்து நிற்கும். தடித்த இடத்திலிருந்து இறங்கினால் சாய்வதற்கு ஒன்றுமில்லாமல் சரிந்துவிடும். கோலிலும் நூலைக் கோலில் தொடங்கி வளையத்தின் பாதத்தின்மேல் ஏற்றுவதே வழக்கம். மெலிந்த இடம் தண்டின் நடுவில் இருந்தால், நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு சுற்றும், அங்கிருந்தே கீழ்நோக்கி இன்னொரு சுற்றுமாக இரண்டாகச் செய்துவிடலாம். சந்திக்கும் இடத்தை ஜரிகைப் பட்டை மறைத்துக்கொள்ளும். விரிவு செங்குத்தாகி, புதுச் சுற்று நிற்க மறுக்கும் இடமே எல்லை. அதற்குமேல் போராடிப் பயனில்லை.

தண்டு முழுவதுமே சாய்வாக இருந்தால், முதலில் எபாக்ஸியை மிக மெல்லிய அடிப்பூச்சாகப் பூசி, கிளாஸைக் கிடத்திய நிலையில் திருப்பிக்கொண்டே ஒரு நாள் இறுகவிட்டு, 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். மங்கிப்போன அந்தப் பரப்பு நூலைப் பிடிக்கும். மேல்பூச்சு நனைத்ததும் மங்கல் மறைந்து மீண்டும் தெளிவாகிவிடும்.

நூலின் முனையைத் தண்டின்மேல் நீளவாக்கில் வைத்து, சிறு துண்டு காகித ஒட்டுநாடாவால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றை அந்த முனையின்மேல் குறுக்கே ஏற்றி, அடுத்த ஏழெட்டுச் சுற்றுகளையும் அதன்மேலேயே நெருக்கமாகப் போட வேண்டும். இப்போது முனை அகப்பட்டுக்கொண்டது. அதை மெல்ல இழுத்து இறுக்கி, புது பிளேடால் சுற்றின் ஓரத்தோடு வெட்டிவிட்டுத் தொடரலாம். நூல் தண்டைத் தொடும் இடத்தில், முடிந்த சுற்றுகள் இருக்கும் பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்து வந்து விழுந்தால் சுற்றுகள் தாமாகவே நெருங்கி அமரும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நிறுத்தி, பேனா மூடியின் வழவழப்பான முதுகால் சுற்றுகளைத் தொடக்கத்தை நோக்கித் தள்ளி நெருக்க வேண்டும். கறுப்புக் கோலில் ஒரு சிறு இடைவெளி கண்ணுக்குப் படாமல் தப்பித்துவிடும். கண்ணாடியில் அது வெள்ளைக் கீற்றாக ஒளிரும். ஆகவே தண்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதைச் சலிக்காமல் செய்ய வேண்டும்.

நிறம் மாற்றுதலும் முடித்தலும்

நிறம் மாற்றுவதற்கு முடிச்சு வேண்டியதில்லை. முதல் நிறத்தில் இன்னும் எட்டுச் சுற்று பாக்கியிருக்கும்போது, புது நிற நூலைத் தண்டின் நீளவாக்கில் கிடத்தி, அதன்மேலேயே அந்த எட்டுச் சுற்றையும் போடுங்கள். இப்போது புது நூல் பழைய சுற்றுக்கு அடியில் சிறைப்பட்டு நிற்கிறது. கட்டைவிரலால் கடைசிச் சுற்றை அழுத்திக்கொண்டு, பழைய நூலைச் சில சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதைத் தண்டின்மேல் முன்னோக்கிக் கிடத்திவிட்டு, புது நூலால் அதன்மேல் சுற்றத் தொடங்க வேண்டும். ஒன்றின் முனை மற்றதன் அடியில் போய்விடுகிறது. நான்கைந்து சுற்று ஜரிகையைப் பட்டையாக இட்டு மீண்டும் பழைய நிறத்துக்குத் திரும்புவதும் இதே முறையில்தான். ஆனால் பட்டை அத்தனை குறுகியதாக இருக்கும்போது, பழைய நிறத்தை வெட்டாமல் பட்டையின் அடியிலேயே நீளவாக்கில் ஓடவிட்டு மறுபுறம் எடுத்துக்கொள்வது எளிது. ஜரிகையின் முனைகள் பிரிந்து பிசிறும் என்பதால் வெட்டுமுன் ஒரு துளி நகப்பூச்சு தொட்டுவிடுவது உதவும்.

முடிப்பதற்குத் தூண்டில் நரம்பின் ஒரு துண்டை இரண்டாக மடித்துக் கண்ணியாக வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுக்கு எட்டுச் சுற்று இருக்கும்போது, கண்ணியின் மடிந்த தலை முன்னோக்கியும் இரண்டு வால்களும் முடிந்த சுற்றுகளின் பக்கமும் இருக்கும்படி தண்டின்மேல் கிடத்தி, அதன்மேல் எட்டுச் சுற்றையும் போடுங்கள். கடைசிச் சுற்றைக் கட்டைவிரலால் விடாமல் பிடித்துக்கொண்டு, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, முனையைக் கண்ணியின் தலைக்குள் நுழைத்து, வால்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால், கண்ணி தன்னோடு முனையையும் எட்டுச் சுற்றுகளின் அடியில் இழுத்துச் சென்று வெளியே கொண்டுவரும். முனையை விறைப்பாக இழுத்து அடியோடு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் விரிந்த இடைவெளியைப் பேனா மூடியால் தள்ளி மூடினால் முடிந்தது. மழுங்கிய பிளேடு நூலை வெட்டாமல் மெல்லும். ஒவ்வொரு கிளாஸுக்கும் புது பிளேடு என்பது சிக்கனம் பார்க்கும் இடமல்ல.

எபாக்ஸி பூச்சு

கோல் கட்டுவோருக்கென்று விற்கும் பூச்சு எபாக்ஸிகளில் பல, இரண்டு திரவங்களைக் கொள்ளளவில் சரிபாதியாகக் கலப்பவை. ரெசின் ஆர்ட்டுக்கு விற்கும் ரெசின், ஹார்ட்னர் சிலவற்றின் விகிதம் 2:1 அல்லது 3:1 ஆக இருக்கும். பாட்டிலில் அச்சிட்டிருப்பதையே பின்பற்ற வேண்டும். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளால் அளப்பதுதான் சரி, கண்ணளவு உதவாது. அளவு பிசகினால் பூச்சு எத்தனை நாளானாலும் பிசுபிசுத்தே இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, கலவையை அலுமினியத் தாளின்மேல் பரப்பிவிட்டால், சூடேறி விரைவில் கெட்டிப்படுவதும் குறையும், காற்றுக்குமிழிகளும் வெளியேறும். நம் ஊர்க் கோடையில் இந்தப் பரப்பல் இல்லாமல் வேலை முடிவது கடினம். மழைநாளில் பூசினால், காற்றின் ஈரத்தால் மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று படியக்கூடும், ஆகவே உலர்ந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். கையுறை கட்டாயம்: இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை தோன்றி, பிறகு எப்போது தொட்டாலும் தடிப்பு வரும். சாளரங்களும் திறந்திருக்கட்டும்.

மென்மையான தூரிகையால் முதற்பூச்சைப் பூசி நூலுக்குள் ஊறவிட வேண்டும். நூல் முடியும் இடத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கண்ணாடிமேலும் பூச்சு ஏறினால்தான் கழுவும் நீர் உள்ளே புகாது. அதற்குமேல் வழிந்ததை இறுகுவதற்குள் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். கிண்ணத்தின் உட்புறத்துக்கும், உதடு படும் விளிம்புக்கும் எபாக்ஸி போகவே கூடாது. குமிழி தெரிந்தால், கோல் கட்டுவோர் ஸ்பிரிட் விளக்கின் சுடரை அடியில் ஓட்டுவார்கள். கண்ணாடியில் அந்தச் சுடர் ஒரே இடத்தில் நின்றால் விரிசல் விழும் அபாயம் உண்டு. ஊசிமுனையால் குத்தி உடைப்பதே பாதுகாப்பு.

இனி கிளாஸைத் தாங்கியில் கிடத்தியபடியே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பூச்சு முழுவதும் வழிந்து அடித்தட்டில் குளம்கட்டும். நிமிடத்துக்கு 6 முதல் 18 சுற்று வரை சுழலும் சிறு மோட்டார் இருந்தால் குச்சியோடு இணைத்துவிடலாம். இல்லையென்றால், முதல் ஒரு மணி நேரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அரைவட்டம் திருப்பியும், பிறகு பூச்சு ஓடாத பதம் வரும்வரை இடைவெளியைக் கூட்டியும் கையாலேயே சமாளிக்கலாம். ஒரு நாள் கழித்து, எழுந்து நிற்கும் பிசிறுகளைப் பிளேடால் சீவிவிட்டு, இரண்டாம் பூச்சு. ஒரே தடித்த பூச்சாக முடித்துவிட நினைத்தால், நடுவில் உப்பி ஓரங்களில் மெலிந்த ஒரு வடிவம்தான் கிடைக்கும்.

வைரக் கட்டம்

ஒரே நிறச் சுற்றும் பட்டையும் கைவந்த பிறகு இதற்குப் போகலாம். இழைகள் சாய்வாக ஓடுவதால் வெறும் கண்ணாடியில் நிற்காது. முதலில் ஒரு நிறத்தில் முழுச் சுற்று போட்டு, ஒரு பூச்சு பூசி இறுகவிட்டு, அதை அடித்தளமாகக் கொள்ள வேண்டும். தண்டின் நேரான பகுதியில் மட்டும் செய்யுங்கள். முன்பக்கமும் நேர்பின்பக்கமும் இரண்டு அச்சுக்கோடுகளை அழியும் பென்சிலால் இட்டு, முன்கோட்டில் 10 மி.மீ. இடைவெளியில் புள்ளிகளும், பின்கோட்டில் அவற்றுக்கு நடுநடுவே புள்ளிகளும் குறித்துக்கொள்ளலாம். பகுதியின் இரு முனைகளிலும் இருபக்க ஒட்டுநாடாவை ஒரு சுற்று ஒட்ட வேண்டும்; நூல் திரும்பும் இடத்தில் பிடித்துக்கொள்வது அதுதான். நூல் முன்புள்ளி, பின்புள்ளி என்று மாறிமாறித் தொட்டுச் சுருளாக மேலேறி, நாடாவில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே புள்ளிகளின் வழியே எதிர்ச்சாய்வில் இறங்க வேண்டும். இழைகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாகக் கோட்டின்மேல் விழுகிறதா என்று இந்த முதல் பயணத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். பிறகு போடும் எல்லா இழைகளும் இதை ஒட்டியே அமரும். அடுத்து முதல் இழையின் இருபுறமும் ஒவ்வொன்றாக இழை சேர்த்துக்கொண்டே போக, சில இழைகளுக்கு ஒருமுறை நிறம் மாற்ற, கட்டத்துக்குள் கட்டமாக வைரங்கள் உருவாகும். முடிவில் நாடாவுக்கு உட்புறமாக இரு முனைகளிலும் சாதாரணப் பட்டை சுற்றி இழைகளைக் கட்டி, நாடாவோடு மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பூச்சு பூசலாம்.

நிறத்தேர்வில், ஒரு நிறமும் ஒரு ஜரிகையும் போதும் என்பேன். ஆறு கிளாஸ் கொண்ட தொகுதியென்றால் உடல் நிறத்தை ஒன்றாக வைத்து, பட்டையின் நிறத்தை மட்டும் ஒவ்வொன்றிலும் மாற்றினால், விருந்தில் யாருடைய கிளாஸ் எது என்ற குழப்பமும் தீரும்.

பயன்படுத்துதலும் பிரித்தலும்

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் பொறுத்துப் புழங்கத் தொடங்கலாம். வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போட்டுக் கையால்தான் கழுவ வேண்டும்; பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூட்டில் எபாக்ஸி இளகி விடும். நீரில் ஊறவும் போட வேண்டாம். வெயில் நேரே விழும் அலமாரியில் வைத்தால் பூச்சு நாளடைவில் மஞ்சளிக்கும். வெளிர்நிற நூலில் அது முதலில் தெரியும்.

சுற்று பிடிக்காமல் போனாலும் கிளாஸ் வீணாகாது. கார்பன் கோலில் பழைய நூற்கட்டை அகற்றும்போது பிளேடு ஒரு கீறல் போட்டால் கோலே பலவீனமாகும் என்று அஞ்சி அஞ்சி வேலை செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடி இந்த இடத்தில் நமக்குச் சாதகம். ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்துத் தண்டைப் படிப்படியாகச் சூடாக்கி, பூச்சு இளகியதும் பிளேடைச் சாய்த்துப் பிடித்து நீளவாக்கில் ஒரு கோடு கிழித்தால், நூலும் எபாக்ஸியும் ஒரு குழாய்போல் உரிந்து வரும். கிளாஸ் தானாக ஆறியபின், ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தால் மறுபடியும் நூல் சுற்றலாம். சூடாக இருக்கும் தண்டில் குளிர்ந்த ஆல்கஹாலைத் தொடவிட வேண்டாம்.